போனை எடுக்காத நண்பர்: மனச்சோர்வு உறவுகளுக்குள் செய்யும் வேலை

நெருங்கிய நண்பர் கூப்பிடுகிறார். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. திரையில் பெயர் தெரிகிறது. எடுக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. எடுத்தால் "எப்படி இருக்கே?" என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. சரி, அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். மறுநாள், நேற்று எடுக்காமல் போனதற்கு என்ன காரணம் சொல்வது என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வாரத்தில் அந்தக் கவலை வெட்கமாகிறது. மூன்று மாதம் கழித்து, அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது.

மறுமுனையில் இருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. நாலு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். "பெரிய ஆளாயிட்டான்", "நம்ம மேல ஏதோ கோபம்போல" என்று மனம் கணக்குப் போடுகிறது. ஐந்தாவது முறை கூப்பிட அவருடைய தன்மானம் இடம் கொடுப்பதில்லை.

சண்டை நடக்கவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பிரியமும் குறையவில்லை. ஆனாலும் ஒரு நட்பு நின்றுபோகிறது. மனச்சோர்வு உறவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படி ஓசைப்படாமல்தான். இருவருமே ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: நோய் செய்யும் வேலையை மனிதரின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நண்பர் "இவன் மாறிவிட்டான்" என்கிறார். நோயுற்றவரோ "நான் இப்படிப்பட்டவன்தான், யாருக்கும் உதவாதவன்" என்கிறார். இரண்டாவது முடிவு முதலாவதைவிட ஆபத்தானது.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. பேச்சில் நாம் "மன அழுத்தம்" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் புழங்குகிறோம். வேலைப்பளு, தேர்வு பயம், கடன் தொல்லைக்கும் அதே சொல். மருத்துவர் டிப்ரெஷன் என்று சொல்லும் நோய்க்கும் அதே சொல். இரண்டும் வேறு. நெருக்கடி தீர்ந்தால் அழுத்தம் இறங்கிவிடும். மனச்சோர்வு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வெளியில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் வரும், காரணம் தீர்ந்த பிறகும் தங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்கு 9 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. தாழ்ந்த மனநிலை, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமை, பசியிலும் எடையிலும் மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, களைப்பு, எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் அளவுமீறிய குற்ற உணர்வும், கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணங்கள். இவற்றில் 5 அறிகுறிகளாவது 2 வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 5 பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். பெண்களிடம் இது ஆண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம்.

இந்த ஒன்பதில் "நண்பர்களை இழப்பது" என்றோ "மனைவியோடு பேச்சு குறைவது" என்றோ எதுவும் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டவர் எரிந்து விழுவார். கவனம் நிற்காதவர், சொன்னதையே திரும்பச் சொல்ல வைப்பார். களைத்தவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். ஒவ்வொரு அறிகுறியும் இப்படிப் பக்கத்தில் இருப்பவர் மேல் போய் விழுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

எல்லாவற்றிலும் அதிகமாக உறவைப் பாதிப்பது, இன்பம் அற்றுப்போவதுதான் என்று நினைக்கிறேன். சோகத்தைவிட அதிகமாக. பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1896-இல் இதற்கு அன்ஹெடோனியா என்று பெயர் வைத்தார். பிடித்த பாட்டு வெறும் ஒலியாகக் கேட்பது, பிடித்த சாப்பாடு வயிற்றை நிரப்ப மட்டும் உதவுவது என்று இதை விளக்குவார்கள். ஆனால் மனிதர்களும் நமக்கு இன்பம் தருகிறவர்கள்தானே. அரட்டையில் ஒரு சுகம் இருக்கிறது. நம் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரித்தால் உள்ளே ஒரு சின்னக் குதூகலம் வருகிறது. அந்தக் குதூகலம்தான் நம்மை மறுபடி அவரிடம் போகச் செய்கிறது. அது வராமல் போனால் ஒரு சந்திப்பில் மிஞ்சுவது செலவு மட்டும்: குளிக்க வேண்டும், நல்ல துணி எடுத்துப் போட வேண்டும், கிளம்ப வேண்டும், முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள்ள வேண்டும். வரவே இல்லாத செலவு.

அதுமட்டும் போனால்கூடப் பரவாயில்லை. இனி கிடைக்கப்போகும் இன்பத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் திறனும் சேர்ந்து போய்விடுகிறது. "வந்து பார், வந்தா நல்லாயிருக்கும்" என்று சொன்னால் மற்றவர்களுக்கு அந்த "நல்லாயிருக்கும்" உடனே மனதில் படமாக விரியும். இவருக்கு விரிவதில்லை. ஆகவே அவர் மனிதர்களை வெறுத்து ஒதுங்கவில்லை. போ என்று உந்தும் விசை உள்ளே நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்க்கும்போது வெறுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் துயரம்.

அப்புறம் பேச்சு. உரையாடல் என்பது சொற்கள் மட்டும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் "ம்" கொட்டுகிறார், தலையசைக்கிறார், புருவத்தை உயர்த்துகிறார், சரியான இடத்தில் சிரிக்கிறார். இந்தச் சின்ன அசைவுகள்தான் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ எனக்கு முக்கியம்" என்று சொல்கின்றன. மனச்சோர்வில் பேச்சின் வேகம் குறைகிறது, சொற்களுக்கு இடையிலான மௌனம் நீள்கிறது, குரல் ஏற்ற இறக்கம் இழக்கிறது, கண்ணைப் பார்த்துப் பேசுவது குறைகிறது. எதிரில் இருப்பவர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. "முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு நடக்கிறது. அடுத்தவர் காட்டும் குறிப்புகளை நோயுற்றவர் தப்பாகப் படிக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களின் எண்ணங்களில் மூன்று சாய்வுகளைக் கண்டார்: தன்னைப் பற்றி, சுற்றியுள்ள உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி. மூன்றுமே இருண்ட பக்கமாகச் சாய்கின்றன. எந்த உணர்ச்சியும் காட்டாத முகம் அதிருப்தியாகத் தெரிகிறது. நண்பர் அவசரத்தில் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருப்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் புரளலாம்: "சலிச்சுப்போச்சு அவனுக்கு. எத்தனை நாள்தான் சகிச்சுப்பான்?"

நினைவும் சேர்ந்து ஏமாற்றுகிறது. பலருக்கும் தெரியாத, ஆனால் உறவுகளைப் பொறுத்தவரை மிகவும் பயன்படக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு இதில் உண்டு. 1986-இல் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு தொடர்புள்ள ஒரு குறிப்பிட்ட நாளின் நினைவைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களால் குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் எளிதில் இறங்க முடியவில்லை. பொதுவான பதில்களே வந்தன. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு பின்னர் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. இதன் பொருளை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். "நாம சந்தோஷமா இருந்ததே இல்லை" என்று மனைவி சொல்கிறார். கணவருக்கு நெஞ்சில் அடித்தாற்போல இருக்கிறது. சேர்ந்து நடந்த மாலைகள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்த இரவுகள் எல்லாம் பொய்யா? பொய் இல்லை. அந்த மாலைகளின் கதவு மனைவிக்கு இப்போது திறக்கவில்லை. "எப்போதும்", "ஒருபோதும்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் வாசலில் நிற்கின்றன. அவர் இதைத் தீர்ப்பாகச் சொல்வதுபோல இருக்கும். அந்த நேரத்தில் அவர் மனதுக்கு எட்டுவது அவ்வளவுதான்.

சுற்றிச் சுற்றி வரும் வட்டம்

உறவு என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. அதனால் ஒருவரின் நோய் மற்றவரிடம் என்ன செய்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். 1976-இல் ஜேம்ஸ் காயின் என்ற அமெரிக்க உளவியலாளர் 45 பேரைத் தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களோடு பேசவைத்தார். சிலர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களோடு பேசினார்கள். சிலர் வேறு நோயாளிகளோடு. சிலர் நோய் இல்லாதவர்களோடு. பேசி முடித்தபின், மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசியவர்களிடம் சோர்வும் பதற்றமும் எரிச்சலும் கூடியிருந்தன. மறுபடி அவரோடு பழக வேண்டும் என்ற விருப்பமும் குறைவாக இருந்தது. ஒரே ஒரு உரையாடலுக்கே இப்படி. பின்னால் வந்த ஆய்வுகளில் சோர்வு "ஒட்டிக்கொள்வது" எல்லா முறையும் இதே அளவுக்குத் தெரியவில்லை. விலகிப்போகத் தோன்றுவது மட்டும் மீண்டும் மீண்டும் தெரிந்தது.

இந்த முடிவைப் படிக்கும்போது நோயுற்ற ஒருவருக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் காயின் சொன்ன மீதியையும் சொல்ல வேண்டும். அவர் காட்டியது யாருடைய குற்றத்தையும் இல்லை, ஒரு வட்டத்தை. துயரத்தில் இருப்பவர் ஆறுதல் தேடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் மனமாரத் தருகிறார்கள். நோய் அந்த ஆறுதலை நம்ப விடுவதில்லை. திரும்பக் கேட்கிறார். தருகிறவர்களுக்கு மெல்லச் சலிப்பு வருகிறது. ஆனால் நோயில் இருப்பவரிடம் சலிப்பைக் காட்டலாமா என்ற குற்ற உணர்வில் வாய் ஆறுதலையே சொல்கிறது, குரலும் முகமும் வேறொன்றைச் சொல்கின்றன. அந்த வேறுபாட்டை நோயுற்றவர் உடனே பிடித்துவிடுகிறார். "பார், மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு." சந்தேகம் உறுதியாகிறது. மறுபடி கேட்கிறார்.

"உனக்கு என் மேல கோபம் இல்லையே?" "நிஜமா இல்லையே?" "அப்புறம் ஏன் அப்படிப் பார்த்தே?" நோயுற்றவரோடு வாழ்ந்த யாருக்கும் இந்தக் கேள்விகள் பழக்கமானவை. தாமஸ் ஜாய்னர் 1990-களிலிருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எத்தனை முறை உறுதி கொடுத்தாலும் நிலைக்காமல் மறுபடி கேட்கும் இந்தப் பழக்கம், மற்றவர்களை மெல்ல விலக்கிவிடக்கூடியது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. கேட்பவருக்கும் அது தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. தாகத்தில் உப்புநீரைக் குடித்தவரின் நிலை அது.

வட்டத்துக்கு இன்னொரு சுற்றும் உண்டு. கான்ஸ்டன்ஸ் ஹாமன் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ள பெண்களின் வாழ்வில் ஓராண்டில் நிகழ்ந்த நெருக்கடிகளைப் பிரித்துப் பார்த்தார். தற்செயலாக வந்த துன்பங்கள் ஒருபுறம். அவர்களுடைய நடத்தையும் நிலைமையும் ஓரளவு காரணமாக இருந்த துன்பங்கள், குறிப்பாக மனிதர்களோடு வந்த மோதல்கள், மறுபுறம். இரண்டாவது வகை அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. நோய் பிளவை உண்டாக்குகிறது. அந்தப் பிளவு அடுத்த முறை நோயைக் கொண்டுவருகிறது. சிலருக்கு மனச்சோர்வு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு மூளையில் மட்டும் விடை தேடினால் போதாது.

ஒரே கூரையின் கீழ்

நண்பர் விலகிப்போக முடியும். கணவனோ மனைவியோ ஒரே வீட்டில் இருந்துகொண்டு விலகுகிறார்கள். அது இன்னும் கடினம்.

முதலில் மாறுவது வீட்டு வேலைகளின் பங்கீடு. ஒருவர் படுக்கையை விட்டு எழ முடியாத நாளில் மற்றவர் எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறார். முதல் வாரம் அக்கறையோடு. ஆறாவது வாரத்தில் பாத்திரங்கள் சத்தமாக விழுகின்றன. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டும், எலும்பு முறிந்தால் கட்டு தெரியும். இதில் காட்ட எதுவும் இல்லை. நேற்று யாரோ வந்தபோது அரைமணி நேரம் சிரித்துப் பேசினாரே, இன்று மட்டும் என்ன என்று கேள்வி எழுகிறது. அந்த அரைமணி நேரச் சிரிப்புக்கு அவர் இரண்டு நாள் படுத்துக் கடன் அடைக்கிறார் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

படுக்கையறையிலும் இடைவெளி விழுகிறது. காமத்தில் நாட்டம் குறைவது நோயின் பொதுவான விளைவு. மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மேல் வேலை செய்யும், பரவலாகத் தரப்படும் மாத்திரைகளில் பலவும் அதே விளைவைப் பக்கவிளைவாகத் தரக்கூடியவை. இதை மருத்துவரிடம் சொல்லலாம். மருந்தையோ அளவையோ மாற்ற வழி உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. துணைவரும் கேட்பதில்லை. "என்னைப் பிடிக்காமல் போய்விட்டது" என்று தனக்குள் முடிவு கட்டிக்கொள்கிறார். சிலர் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது சோர்வை மறுபடி கிளப்பலாம். திடீரென நிறுத்தினால் உடலும் படுத்தும்.

எரிச்சலையும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மனச்சோர்வோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்ற படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் பலருக்கு, முக்கியமாக ஆண்களில் பலருக்கு, அது சுள்ளென்று கோபப்படுவதாக, குடியாக, வேலையே கதியென்று கிடப்பதாக வெளிப்படுகிறது. வீட்டில் இருப்பவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். ஒதுங்க ஒதுங்க அவருக்குத் தனிமை கூடுகிறது. ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: கோபம் நோயின் அறிகுறியாக இருக்கலாம், ஆனால் அடியையும் வசையையும் தாங்கிக்கொள்ள அது யாரையும் கடமைப்படுத்தாது.

குறைசொல்வது எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு ஒரு கூர்மையான சான்று இருக்கிறது. ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் துணை உங்களை எந்த அளவுக்குக் குறைசொல்கிறார்? அதற்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண், அடுத்த 9 மாதத்தில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை, ஆய்வாளர்கள் நேரமெடுத்துச் செய்த விரிவான குடும்ப மதிப்பீட்டையும் தாண்டி, துல்லியமாகக் காட்டியது. துணைவர் உண்மையில் எத்தனை முறை குறைசொன்னார் என்ற கணக்கைவிட, நோயுற்றவரின் மனதில் அது எவ்வளவு கனமாக இறங்கியது என்பதுதான் பெரிதாக இருந்தது. முன்னே சொன்ன சாய்வை நினைத்துப் பாருங்கள். "இன்னைக்காவது குளிச்சியா?" என்று சாதாரணமாகக் கேட்டது அங்கே போய் "நீ அசிங்கம்" என்று விழுகிறது.

இதற்காகத் துணைவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவர்களும் களைத்துப்போகிறார்கள். பேசிச் சிரித்த ஆளைக் காணவில்லை என்று அவர்களும் ஒருவகையில் துக்கம் காக்கிறார்கள். ஆள் எதிரிலேயே இருப்பதால் அந்தத் துக்கத்தை வெளியே சொல்லவும் வழியில்லை. பார்த்துக்கொள்கிறவருக்கும் பேச ஒரு ஆள், மாதத்தில் சில மணி நேரமாவது தனக்கென்று ஒரு இடம் வேண்டும். அதைச் சுயநலமாக நினைப்பவர்கள்தான் முதலில் உடைந்துபோகிறார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்களும் இதைப் பார்க்கிறார்கள். எட்வர்ட் டிரோனிக் 1970-களில் செய்த பரிசோதனையில், குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. ஒன்றுக்கும் பதில் இல்லையென்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இதற்குக் காரணம் தேடுவார்கள்; அகப்படும் முதல் காரணம் தாங்கள்தான். "நான் சேட்டை பண்ணினதாலதான் அம்மா பேசறதில்லை." இதற்கு மருந்து எளிய உண்மை: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நீ எதுவும் செய்யவில்லை, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல செய்தியும் உண்டு. மிர்னா வைஸ்மனும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்ட தாய்மார்களில் 3 மாதத்தில் நன்றாகக் குணமானவர்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகளின் விகிதம் 11 சதவீதம் குறைந்தது. குணமாகாதவர்களின் பிள்ளைகளிடம் சுமார் 8 சதவீதம் கூடியது. பிள்ளைகளுக்கென்று அந்த ஆய்வு எந்தச் சிகிச்சையும் தரவில்லை. ஆக, "குழந்தைகளை விட்டுவிட்டு எனக்கென்று எப்படிப் போவது" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லலாம்.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே கதைதான், சொற்கள் மட்டும் வேறு. வீட்டில் "அக்கறையில்லை" என்பது அங்கே "பொறுப்பில்லை" ஆகிறது. பதில் போடாத மின்னஞ்சல்கள் குவிகின்றன, மதிய உணவுக் கூட்டத்திலிருந்து ஒருவர் நழுவுகிறார், சோம்பேறி என்று பெயர் விழுகிறது.

உறவு நோயைத் தருமா, தடுக்குமா

இதுவரை நோயிலிருந்து உறவை நோக்கிப் பார்த்தோம். எதிர்த்திசையும் உண்மைதான். ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய இழப்போ நெருக்கடியோ வந்தவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வு வரவில்லை. வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துக் காட்டியவற்றில் முக்கியமானது, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒரு துணை இருந்ததா என்பது. 11 வயதுக்குள் தாயை இழந்தது, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டில் வளர்ப்பது, வெளியே வேலை இல்லாதது ஆகியவையும் பட்டியலில் இருந்தன. நூறு பேர் தேவைப்படவில்லை. ஒரு ஆள் போதுமானதாக இருந்தது.

உறவுகளே நோயின் களம் என்றால் சிகிச்சையும் அங்கே நடக்கலாமே என்று யோசித்தவர்கள் ஜெரால்ட் கிளெர்மனும் வைஸ்மனும். அவர்கள் உருவாக்கிய முறையில் சிகிச்சையாளர் நான்கு இடங்களைத் துருவுகிறார்: ஆறாத துக்கம், நெருங்கியவரோடு தீராத பிணக்கு, வாழ்க்கை நிலையில் மாற்றம், பழகுவதில் உள்ள சிரமம். குறிப்பிட்ட வாரங்களுக்குள், அந்த ஒரு முடிச்சை எடுத்து அவிழ்க்கிறார்கள். 2003-இல் வெளியான ஒரு ஆய்வு உகாண்டாவில் 30 கிராமங்களில் இதைக் குழுச் சிகிச்சையாக முயன்றது. குழுக்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 16 வாரச் சந்திப்புகளின் முடிவில், குழுவில் இருந்தவர்களின் மனச்சோர்வு மற்றவர்களுடையதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய திட்டம் இன்னும் எளிமையானது. மருத்துவ நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். வருபவரின் பிரச்சினையைக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அதன் பலனை உறுதி செய்தது. அந்த ஊர் ஷோனா மொழியில் இந்த நோய்க்குப் புழங்கும் சொல்லுக்கு "அளவுக்கு மீறி யோசிப்பது" என்று பொருள்.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தூக்கமும் பசியும் திரும்பிய பிறகும் மனிதர்களோடு பழகும் தெம்பு திரும்ப மேலும் நாளாகலாம். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் வெளியே வர மாட்டேங்கிறே?" என்று அந்த இடைவெளியில் அவசரப்படுத்துகிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்

"என்ன வேணும்னாலும் கேளு" என்பது நல்ல மனதோடு சொல்லும் வாக்கியம்தான். ஆனால் எது வேண்டும் என்று யோசித்து, முடிவெடுத்து, வாய்திறந்து கேட்பதுதான் இவரால் இப்போது முடியாத மூன்று வேலைகள். "ஆறு மணிக்கு வர்றேன், கால்மணி நேரம் நடந்துட்டு வரலாம். முடியலைன்னா வாசல்ல உட்காரலாம்" என்றால் அவர் செய்ய வேண்டியது தலையாட்டுவது மட்டுமே. "மனசைத் தேத்திக்கோ", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்" என்பவை அவருடைய குற்ற உணர்வுக்குத் தீனி. பதிலாகச் சும்மா பக்கத்தில் உட்காரலாம். மௌனம் பழகிக்கொள்ளக் கூடியதுதான்.

திரும்பத் திரும்ப உறுதி கேட்கும்போது, பத்தாவது முறையும் அதே பதிலைச் சொல்வதைவிட, "இந்தச் சந்தேகம் உன்னைப் பாடாய்ப் படுத்துது இல்லே?" என்று அந்தத் தவிப்பைத் தொட்டுப் பேசுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. சலிப்பு வந்தால், மறைத்துப் பல்லைக் கடிப்பதைவிட "இன்னைக்கு நான் களைச்சிருக்கேன், நாளைக்குப் பேசலாம், உன் மேல கோபம் இல்லை" என்று சொல்வதும் நல்லது. முகமும் வாயும் ஒன்றையே சொல்லும்போது சந்தேகத்துக்கு இடம் குறைகிறது.

"நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் பாரம் குறையும்" என்ற தொனி பேச்சில் வந்தால், நேராகவே கேட்க வேண்டும்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் காணவில்லை. கேட்கப்பட்டது பலருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கிறது. ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது. அன்றே மருத்துவரிடமோ, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சத்தியம் கேட்டாலும், அந்த ஒரு சத்தியத்தைக் கொடுக்கக் கூடாது.

நோயில் இருப்பவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. மனம் சரியானதும் மனிதர்களைப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பீட்டர் லெவின்சன் 1970-களில் சொன்னதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறை இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறது: விருப்பம் வராவிட்டாலும் மிகச் சின்ன ஒரு செயலைக் குறித்த நேரத்தில் செய், விருப்பம் பின்னால் வரும். இரண்டு மணி நேர விருந்து வேண்டாம். ஒரு செய்தி போதும். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்புப் பத்தியும் வேண்டியதில்லை. இவ்வளவு நாள் கழித்துப் போனால் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கும். பெகி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட தொடர் பரிசோதனைகளில், சும்மா நலம் விசாரிக்கச் செய்தியோ சின்னப் பொருளோ அனுப்பியவர்கள், அது மறுபக்கத்தில் எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைத் தொடர்ந்து குறைவாகவே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்த விசாரிப்புகளுக்கு அந்த மகிழ்ச்சி இன்னும் கூடுதலாக இருந்தது.

நாலு முறை கூப்பிட்டு விட்டுவிட்ட அந்த நண்பருக்கும் இது பொருந்தும். அவர் ஐந்தாவது முறை கூப்பிட வேண்டாம். "உன் நினைப்பு வந்துச்சு. பதில் போடணும்னு இல்லை. அடுத்த வாரமும் போடுவேன்" என்று எழுதலாம். எழுதியபடியே அடுத்த வாரமும் போட வேண்டும்.